சாக்கடையிலிருந்து கெண்டைக் குளத்துக்கு: சொட்டு வடிகட்டியின் வரலாறு

ஔரங்கசீப்பின் பரிவாரத்தோடு 1665இல் காஷ்மீரத்தில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே, அங்கே அரசத் தோட்டமொன்றின் குளத்து மீன்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவை அழைத்தால் வருபவை. பெரியவற்றின் செவுளில் நூர்ஜகான் அணிவித்ததாகச் சொல்லப்பட்ட பொன் வளையங்கள் இருந்தன. அம்மீன்களுக்கு வடிகட்டி தேவைப்படவில்லை. காஷ்மீரத்து முகலாயத் தோட்டங்கள் ஊற்றையும் ஓடையையும் நம்பி அமைந்தவை. வந்த நீர் தேங்காமல் வெளியேற, அழுக்கும் அதனோடு போயிற்று. ஊற்றில்லாத முற்றத்தில், ஒரே நீரைச் சுழலவிட்டு அழகு மீன் வளர்க்க முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மீன் தன் செவுள்வழி வெளியேற்றும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் மீன் செத்து மிதக்கும்.

இதற்கு இன்று கையாளப்படும் வழிகளுள் ஒன்று சொட்டு வடிகட்டி. குளத்து நீரை மேலேற்றி, கற்களோ நுண்துளைப் பீங்கான் துண்டுகளோ நிரப்பிய தட்டுகளின்மீது தூவி, மெல்லிய படலமாக வழிந்திறங்க விடுவர். கல் நீரில் மூழ்காதிருப்பதே இதன் உயிர்நாடி. 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி சுமார் 8 மில்லிகிராம். காற்றிலோ அது ஐந்தில் ஒரு பங்கு.

இதன் பூர்வீகம் தோட்டக்கலை அன்று, சாக்கடை. 1868இல் அமைந்த ஆற்று மாசு ஆணையத்தின் உறுப்பினரான எட்வர்டு பிராங்க்லாந்து, மண்ணும் மணலும் நிரப்பிய உருளைகளில் இலண்டன் கழிவுநீரை விட்டுவிட்டு ஊற்றிப் பார்த்தார். இடைவேளைகளில் காற்றுப் புகுந்தபோது நீர் தூய்மையாயிற்று. அதை அவர் வேதிவினையாகவே கொண்டார்.

1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் அக்கருத்தை அசைத்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் கழிவுநீரை வடியவிட்டனர். ஏறத்தாழ 20 நாள் ஒன்றும் நிகழவில்லை. பின்னரே அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. வெறும் வேதிவினையாயின் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆவியை நீக்கி, மண் கழுவிய நீரைச் சேர்த்த சில நாள்களில் மீண்டும் தொடங்கியது. மயக்க மருந்துக்கு மணல் மயங்குமா? உள்ளே இருந்தது உயிர். புதுக் குளத்தில் முதல் வாரங்களில் மீன்கள் சாவதன் காரணமும் அந்த 20 நாள் காத்திருப்பிலேயே அடங்கியிருக்கிறது. நைட்ரேட்டாக்க வரலாற்றை வினோகிராத்ஸ்கியிலிருந்து தொடங்கும் வழக்கம் இவ்விருவருக்கும் நியாயம் செய்வதாகாது. எனினும், 1890ஐ ஒட்டி அவர்தான் இவ்வுயிரிகளைப் பிரித்தெடுத்து, அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஓரினம், அதை நைட்ரேட்டாக்குவது வேறோரினம் என்று நிறுவினார்.

பொறியாளர்கள் காத்திருக்கவில்லை. மாசச்சூசெட்ஸின் லாரன்சு ஆய்வு நிலையத்திலும் இங்கிலாந்தின் சால்ஃபோர்டிலும் 1890களின் தொடக்கத்திலேயே சொட்டு வடிகட்டி உருப்பெற்றது. மான்செஸ்டரின் கழிவுநீர் ஆய்வுகளில் தேர்ந்த கில்பர்ட் ஃபவுலர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அத்துறை இந்தியாவிலும் வேரூன்றியது. நகரங்களின் கழிவுக்கென எழுந்த அமைப்பு, அளவு சுருங்கி, மீன் வளர்ப்போர் கைக்கும் வந்தது.

கடன் திரும்பி வந்த கதைதான் அதிகம் பேசப்படாதது. நன்னீர் மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது, நெடுங்காலம் நம்பப்பட்ட நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா இனமே என 1998இல் தெரியவந்தது. இரு படிகளையும் ஓருயிரியே செய்து முடிக்கக்கூடும் என்று 2006இல் கோட்பாட்டளவில் கணிக்கப்பட்டது. 2015இல் இரு ஆய்வுக் குழுக்கள் அத்தகைய நைட்ரோஸ்பைராவை நேரில் கண்டன. அவற்றுள் நெதர்லாந்தின் நெய்மேகன் குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஒரு சொட்டு வடிகட்டி. அதிலும், காற்றாடும் பகுதியில் அன்று, உயிர்வளியற்ற அறையில்.