விட்னஸில் வரைந்த வளைகோடு

ஃபோட்டோஷாப்பில் ‘கர்வ்ஸ்’ பெட்டியைத் திறந்ததும் மூலைக்கு மூலை ஓடுகிற அந்தச் சாய்கோட்டைக் கணினிக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைப்பது எளிது. உண்மையில் அதன் வயது 130 ஆண்டுகளுக்கும் மேல். பிறந்த இடம் இங்கிலாந்தில் மெர்சி ஆற்றங்கரையில் உள்ள விட்னஸ் என்ற சோடா ஆலை ஊர். அங்கே காஸ்கெல்-டீக்கன் ஆலையில் வேதியியலராக இருந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர். அதே ஆலையின் பொறியாளர் வெரோ சார்ல்ஸ் டிரிஃபீல்ட். படமெடுக்கும் ஆசை முதலில் டிரிஃபீல்டுக்குத்தான் இருந்தது. அவர் நண்பரையும் உள்ளே இழுத்துவிட, அந்தத் தொழிலில் நிலவிய குத்துமதிப்பு ஹர்ட்டருக்குப் பொறுக்கவில்லை. ஆலை வேலை போக மிஞ்சிய நேரத்தில் இருவரும் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மெழுகுவத்தி ஒளியைப் படிப்படியாகக் கூட்டிக் கண்ணாடித் தகட்டில் விழச்செய்து, கழுவி எடுத்தபின் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கறுப்பு ஏறியிருக்கிறது என்று ஒளிமானியில் பார்த்தார்கள். முடிவுகள் 1890 மே மாதம் வேதியியல் தொழில் சங்கத்தின் இதழில் வெளிவந்தன.

அந்த அளவுகளைக் கட்டத்தாளில் ஏற்றினால் கிடைப்பது நேர்கோடு அல்ல, படுத்த ‘எஸ்’ போன்ற வளைகோடு. கிடையச்சில் ஒளி, ஒவ்வொரு படிக்கும் இரட்டிப்பாக. நெட்டச்சில் தகட்டின் கறுப்பு. தொடக்கத்தில் கோடு தரையோடு தரையாக ஊர்கிறது. அங்கே ஒளி கூடினாலும் தகடு அதைச் சரியாக உணர்வதில்லை. நடுவில் நேராக மேலேறுகிறது. உச்சியில் மறுபடியும் சாய்ந்து, வெளிச்சமான இடங்களுக்குள் இருக்கும் வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. கேமரா உலகை உள்ளபடி பதிவு செய்கிறது என்ற நம்பிக்கைக்கு இந்த ஒரு வரைபடமே போதுமான மறுப்பு. எந்தத் தகடும் நிழலையும் வெயிலையும் ஒரே நியாயத்தோடு நடத்தியதில்லை. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்பதைத் தகடு செய்தவரின் ரசாயனக் கலவை முன்னதாகவே தீர்மானித்துவிட்டது. கர்வ்ஸ் கற்பது என்பது படத்துக்கு வெளியிலிருந்து ஒன்றைப் புகுத்தக் கற்பது அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். படம் பிறந்த நாளிலிருந்து பிறர் எடுத்துவந்த முடிவை நம் கைக்கு வாங்கிக்கொள்வது அது.

இதே ஆராய்ச்சியை நேரெதிராகப் படித்தவரும் உண்டு. புகைப்படம் ஒரு கலை என்று 1889-இல் ஒரு நூல் முழுக்க வாதாடிய பீட்டர் ஹென்றி எமர்சன், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கறுப்புக் கரையிட்ட துண்டுநூல் ஒன்றை வெளியிட்டுத் தன் கொள்கை இறந்துவிட்டதாக அறிவித்தார். அந்த மனமாற்றத்துக்கு விட்னஸ் அளவுகளும் ஒரு காரணம். டெவலப்பரில் தகட்டை எவ்வளவு நேரம் வைத்தாலும் கோட்டின் சரிவு கூடுமே தவிர, கறுப்புகளுக்கு இடையிலான விகிதம் மாறாது என்று ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் சொல்லியிருந்தார்கள். விகிதம் மாறாதென்றால் கலைஞனுக்கு அங்கே என்ன வேலை என்று எமர்சன் மனம் உடைந்தார். அவருடைய வருத்தம் நேர்மையானது. ஆனால் முடிவு அவசரமானது. அளக்க முடிந்ததாலேயே பின்வந்தவர்கள் அதை ஆளக் கற்றார்கள். சரிவு கூடியதும் குறைந்ததுமாகப் பல தரத்தில் அச்சுத்தாள்கள் விற்பனைக்கு வந்தன. 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ‘ஜோன் சிஸ்டம்’ இந்த வளைகோட்டைப் படமெடுப்பவர் மனதிலேயே வரைந்துகொள்ளும் முறைதான். ஆடம்ஸ் 1941-இல் எடுத்த ஹெர்னாண்டஸ் என்ற ஊரின் நிலவுப் படத்துடைய முற்கால அச்சுகளில் வானம் சாம்பல் நிறம். பிற்கால அச்சுகளில் கிட்டத்தட்டக் கறுப்பு. நெகட்டிவ் ஒன்றேதான்.

ஃபோட்டோஷாப் 1990-இல் வந்தது. இருட்டறையில் தாளும் ரசாயனமும் செய்த காரியம் அதன்பின் சுட்டியின் நுனிக்கு வந்து சேர்ந்தது. பெட்டியின் இடது கீழ்மூலை முழுக்கறுப்பு, எண் 0. வலது மேல்மூலை முழுவெள்ளை, 255. கோடு நேராக இருக்கும்வரை எதுவும் மாறாது. நடுவைப் பிடித்து மேலே இழுத்தால் படம் வெளுக்கும், கீழே இறக்கினால் இருளும். கோடு எங்கே செங்குத்தாகிறதோ அங்கே கான்ட்ராஸ்ட் கூடும். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: 0-வும் 255-ம் நகராத சுவர்கள். ஆகவே நடுவில் கூட்டிய சரிவை ஓரங்களில் குறைத்தே தீரவேண்டும். மாதச் சம்பளம் கூடாத வீட்டில் ஒரு செலவை ஏற்றினால் இன்னொன்றைக் குறைப்பது போலத்தான். ‘எஸ்’ வளைவு போட்டு முகத்தைத் துலக்குகிறவர், கூந்தலின் இழைகளையும் வெள்ளைச் சட்டையின் மடிப்புகளையும் விலையாகக் கொடுக்கிறார். கொடுக்கலாமா என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கணக்கை மறைத்துவிடுகிற ஒற்றைக் கான்ட்ராஸ்ட் பொத்தானைவிட கர்வ்ஸ் மேலானது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுவே.

இதெல்லாம் படத்தைத் திருத்திப் பொய் சொல்வதல்லவா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1994 ஜூனில், கொலை வழக்கில் கைதான ஓ. ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை ‘டைம்’ இதழ் இருட்டாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் ‘நியூஸ்வீக்’ அதே படத்தை மாற்றாமல் போட்டது. கடைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, டோன் (ஒளி-இருள்) மாற்றத்தாலேயே ஒரு மனிதரை அச்சமூட்டுபவராகக் காட்ட முடியும் என்பது ஊருக்கே தெரிந்தது. ஆகவே ஆபத்து உண்மை. ஆனால் அதற்கு மருந்து ‘தொடாத படம்’ என்றால், அப்படி ஒன்று கிடையாது. டிஜிட்டல் சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. 18 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டை நமக்கு வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவாகத் தெரியும். சென்சாரின் நேர்க்கணக்கிலோ அது 255-க்கு 46 மட்டுமே. திரையில் அப்படியே காட்டினால் படம் இருண்டு கிடக்கும். வழக்கமான திரைத் தரத்தின் வளைகோடு அதை 118-க்குக் கொண்டுவருகிறது. அதற்கு மேல் கேமரா நிறுவனம் தன் ரசனைப்படி இன்னொரு வளைவும் போடுகிறது. ‘அப்படியே எடுத்தது’ என்று சொல்லப்படும் படம் நிறுவனத்தின் பொறியாளர் திருத்திக் கொடுத்த படம். திருத்தினாரா இல்லையா என்பதில் நேர்மையைத் தேடிப் பயனில்லை; எதைக் காட்டத் திருத்தினார் என்பதில்தான் தேடவேண்டும்.

நிறத்துக்கு வந்தால் இது இன்னும் கூர்மையாகிறது. வண்ணப் படத்தில் வளைகோடுகள் மூன்று: சிவப்பு, பச்சை, நீலம். கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டைகளில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று உலகெங்கும் அச்சிட்டார்கள். கருந்தோல் முகங்கள் விவரமிழந்து போனது பற்றிய குறைகளைவிட, சாக்லேட்டும் மரச்சாமானும் தெளிவாக விழவில்லை என்ற வணிகர்களின் புகாரே ஃபிலிமை மாற்ற வைத்தது என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார். தகட்டின் வளைவில் யாருடைய முகத்துக்கு இடம் என்பதும் ஒருவர் எடுத்த முடிவே.

நம் ஊர்க் கல்யாணப் படத்தில் இந்த முடிவு நேரடியாக வந்து நிற்கிறது: மாநிற முகம், அதற்குக் கீழே வெண்பட்டு வேட்டி, பின்னால் குத்துவிளக்கு. கோட்டின் கீழ்ப்பாதியில் முகம் விழும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துச் சற்றே உயர்த்தி, வேட்டி விழும் மேல்பகுதியில் இன்னொரு புள்ளி வைத்து அதை நகராமல் கட்டிப்போட்டால், முகம் துலங்கும், சரிகையும் வெளிறாது. முகத்தை வெளுப்பாக்குவதும் அதன் விவரத்தை மீட்பதும் வேறுவேறு. முதல் புள்ளியை எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதில் அந்த வேறுபாடு தெரியும். ஆட்டோ பொத்தானே போதாதா என்பவர்களுக்கு ஒன்று: அது மூன்று நிறங்களையும் தனித்தனியே கறுப்பிலிருந்து வெள்ளைவரை இழுத்து நீட்டும்படி அமைந்திருந்தால், குத்துவிளக்கின் மஞ்சளையும் பிழையென்று எண்ணித் துடைத்துவிடக்கூடும். பிறகு அதை மீட்க நீல வளைகோட்டின் நடுவைக் கையால்தான் கீழே இறக்கவேண்டும்.