கணபதிப் பட்டறைகளும் காணாமல் போன பேஸும்

கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எரிந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். இந்த ஊரின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் பைக்காராவில் ஆரம்பிப்பார்கள். 1932-இல் நீலகிரியில் அந்த நீர்மின் நிலையம் வந்தது, மில்கள் பெருகின, 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் உள்ளூரிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள். எல்லாம் சரிதான். ஆனால் மில்லில் வேலை கற்றவர்கள் வீட்டு முன்வாசலில் தகரம் வேய்ந்து பழைய லேத்தைப் போட்டார்களே, அவர்களுக்கு வந்த கரண்ட் எப்படி இருந்தது? அதற்குச் சாட்சி என் பெஞ்சுக்கு வந்த மோட்டார்கள்தான்.

மூடியைக் கழற்றியதுமே பாதி தெரிந்துவிடும். ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு பேஸ் கரியாகி, மூன்றாவது மட்டும் வார்னிஷ் மினுங்க இருந்தால், ஓடும்போதே ஒரு பேஸ் போயிருக்கிறது. டெல்டாவில் நேர்மாறு: ஒன்று கருகும், இரண்டு பிழைக்கும். மூன்றும் ஒன்றுபோல வெந்திருந்தால் ஓவர்லோடு, இல்லை லோ வோல்டேஜ். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே மோட்டாரின் இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அவசர ஆர்டர்காரர் கட்டிங்கைக் குறைப்பாரா என்ன?

பேஸ் போகப் பெரிய காரணம் வேண்டாம். இரண்டு பியூஸ் கேரியரில் தடித்த கம்பி, ஒன்றில் பழைய மெல்லிய கம்பி. அது முதலில் அறும். ஓடுகிற மோட்டார் நிற்காது, சத்தம் மட்டும் மாறும். டெஸ்டர் வைத்தால் மூன்றிலும் எரியும்! செத்த பேஸுக்கு மோட்டாரே உள்ளிருந்து வோல்டேஜ் கொடுப்பதால் வரும் ஏமாற்று அது. நிறுத்தி மறுபடி போட்டால் முனகும், சுற்றாது. பழைய ஆட்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு, இரண்டு குண்டு பல்பை சீரிஸில் கட்டி, பேஸுக்கும் பேஸுக்கும் இடையே வைத்துப் பார்ப்பார்கள். ஒற்றை பல்பு 415 வோல்ட் தாங்காது.

எழுபதுகளில் மழை பொய்த்தால் அணையில் தண்ணீர் இல்லாமல் கரண்ட் போய், பட்டறை நின்றது. நின்றதால் எந்த மோட்டாரும் எரியவில்லை. கரண்ட் திரும்பி வரும்போதுதான் ஆபத்து. 2008-க்குப் பிறகு மின்வெட்டு நீண்டுகொண்டே போய், 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் இங்கே பாதி நாளுக்கு மேல் இருட்டு. கரண்ட் வந்த நிமிடம் தெருவே ஒன்றாக சுவிட்சைப் போடும், வோல்டேஜ் படுத்துவிடும். எனக்கு நல்ல வருமானம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கம்பத்தில் வேலை நடந்து கம்பி மாறிவிட்டால் வேறு கூத்து. "ஏனுங்க, மிசினு பின்னால சுத்துதுங்க, பேய் கீய் புடிச்சிருச்சுங்களா?" என்று ஓடி வந்தார் ஒருவர். திருகு மரை சக் என்றால் கழன்று காலில் விழும், சிரிக்கிற விஷயமில்லை. மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

இப்போது, ஒரு பேஸ் போனாலே மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் இல்லாத ஸ்டார்டர் குறைவு. சிங்கிள் பேஸ் மட்டும் உள்ள வீட்டில் டிரைவ் வைத்து மூன்று பேஸ் லேத் ஓட்டுகிறார்கள். அந்த டிரைவ் தருவது 230 வோல்ட்தான். ஸ்டாரில் இருக்கும் மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். சில மோட்டாரில் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே கட்டிக் கிடக்கும். அதைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்துத் தர என்னிடம்தான் தூக்கி வருகிறார்கள்.