பிஸ்பியின் படிகளும் பாதைகளும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்கு வடக்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், மியூல் மலைகளின் இடுக்கில் இருக்கிறது பிஸ்பி. சுற்றிலும் பாலைநிலம், ஊர் மட்டும் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே. டூம்ஸ்டோன் பள்ளத்தாக்கும் புரூவரி பள்ளமும் கூடுமிடத்தில் கடைவீதி அமைந்திருக்கிறது. அதன் இருபுறமும் செங்குத்தான சரிவுகளில், ஒரு வீட்டின் கூரைக்கு நேரே அடுத்த வீட்டின் வாசல் என்ற கணக்கில் வீடுகள் ஏறிச் செல்கின்றன. இந்தச் சரிவுகளில் இன்று ஓட்டக்காரர்கள் ஓடும் வழிகளில் எதுவும் ஓட்டத்துக்காக உண்டானதல்ல. தண்ணீர்ப் பை சுமந்த கழுதைகளுக்கும், சுரங்கத்துக்கு முறைமாற்றி வேலைக்குப் போனவர்களுக்கும், பள்ளிக்கூடம் ஏறிய பிள்ளைகளுக்கும் உண்டான வழிகள் அவை. பிஸ்பியின் ஓட்டப் பாதைகளைச் சொல்லப் புகுந்தால் செம்புச் சுரங்கத்தின் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த மலைகள் சிரிகாவா அப்பாச்சி மக்களின் நிலத்தைச் சேர்ந்தவை. 1877இல் அவர்களைத் தேடி வந்த ராணுவ வேவுப் படை ஒன்று, இன்று காஸில் ராக் எனப்படும் பாறைக்கு அருகே ஊற்றுநீருக்காகத் தங்கியது. படையுடன் வந்த ஜாக் டன் அங்கே தாதுவின் அடையாளங்களைக் கண்டார். படைப் பணியை விட்டு வர முடியாததால், ஜார்ஜ் வாரன் என்ற தாது தேடுபவருக்கு உணவும் கருவியும் வாங்கிக் கொடுத்து, தன் பெயரிலும் சேர்த்து நிலவுரிமை பதியச் சொல்லி அனுப்பினார். வாரன் தன் விருப்பப்படி வேறு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பதிந்தார். டன்னின் பெயரைச் சேர்க்கவில்லை. 1880இல் உருவான ஊருக்கு, காப்பர் குவீன் சுரங்கத்தில் முதலீடு செய்தவர்களில் ஒருவரான நீதிபதி டிவிட் பிஸ்பியின் பெயர் சூட்டப்பட்டது.

பிஸ்பியின் வரலாற்றில் மிகப் பிரபலமான ஓட்டம் பிஸ்பியில் நடக்கவில்லை. 1880 ஜூலையில், பக்கத்து ஊரான சார்ல்ஸ்டனில், குதிரையை முந்தி ஓடிக் காட்டுவதாக ஜார்ஜ் வாரன் பந்தயம் கட்டினார். பணயம், காப்பர் குவீன் சுரங்கத்தில் அவருக்கிருந்த பங்கு. நட்டுவைத்த கம்பம் வரை ஓடி, அதைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் குதிரை தடுமாறும், அந்த நொடியில் முந்திவிடலாம் என்று அவர் நம்பியதாகச் சொல்வார்கள். குதிரை வென்றது. அன்று கைமாறிய பங்கு பின்னாளில் கோடிக்கணக்கான டாலர் பெறும் சொத்தாயிற்று. வாரன் வறுமையில் இறந்தார். அரிசோனா மாநில முத்திரையில் மண்வெட்டியுடன் நிற்கும் சுரங்கத் தொழிலாளி, அவரது புகைப்படம் ஒன்றைப் பார்த்து வரையப்பட்டவர். ஊருக்குத் தெற்கேயுள்ள வாரன் குடியிருப்பும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

1881இல் வந்த ஜேம்ஸ் டக்ளஸின் ஆலோசனையின்பேரில் நியூயார்க்கின் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனம் இங்கே நிலம் வாங்கியது. 1885இல் அது காப்பர் குவீனுடன் ஒன்றாக இணைந்தது. 1889இல் ரயில் வந்தது. ஆட்கள் பெருகினார்கள், ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் இடமில்லை. சரிவைக் குடைந்து, கருங்கல்லால் அணைசுவர் எழுப்பி, கிடைத்த திட்டில் வீடு கட்டினார்கள். வண்டி ஏற வழியில்லாததால் கழுதைகளே அங்கு போக்குவரத்து. தடித்த துணிப் பைகளில் தண்ணீரும், முதுகில் கட்டிய விறகும் கழுதைமேல்தான் மேலே போயின. அவை வளைந்து வளைந்து ஏறிய தடங்கள் முதலில் ஒற்றையடிப் பாதைகளாகவும், பிறகு மரப்படிகளாகவும் மாறின. தண்ணீர் காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்த அந்தக் காலத்தில், அசுத்த நீரால் டைஃபாய்டு பல உயிர்களைக் குடித்தது. 1900களின் தொடக்கத்தில் நாகோ என்ற ஊரின் கிணறுகளிலிருந்து குழாய் வழியே நீர் வந்தபின் கழுதைகளின் வேலை குறைந்தது. தடங்கள் மட்டும் அப்படியே நிலைத்தன.

எந்தச் சரிவில் யார் குடியிருந்தார்கள் என்பதும் சுரங்கம் வகுத்ததுதான். அதிகாரிகளும் மேலாளர்களும் குவாலிட்டி ஹில்லில். மெக்சிகோத் தொழிலாளர்கள் சிவாவா ஹில்லில். மெக்சிகோக்காரர்களுக்கு நிலத்தடியில் நல்ல கூலி தரும் வேலைகள் மறுக்கப்பட்டன. சீனர்கள் காய்கறி விளைவித்துக் கொண்டுவந்து பகலில் விற்கலாம். பொழுது சாய்ந்தபின் ஊருக்குள் தங்கக் கூடாது. இன்று மகிழ்ச்சியாக ஏறி இறங்கும் பாதைகளில் ஒரு காலத்தில் இன்னார் இந்த நேரம் வரைதான் நடக்கலாம் என்ற விதி இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதப்படும் பிஸ்பி வரலாறு பாதி வரலாறுதான்.

செம்பு உருக்காலையின் கந்தகப் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நின்றது. விறகுக்காக வெட்டப்பட்டது போக எஞ்சிய மரங்களை அது கருக்கியது. 1904 வாக்கில் உருக்காலை டக்ளஸ் நகருக்கு மாற்றப்பட்டாலும், மொட்டையாகிப்போன மலையில் கோடைமழை ஒவ்வொரு முறையும் வெள்ளமாக இறங்கிக் கடைவீதிக்குள் புகுந்தது. வெள்ளத்தைத் தெருவுக்கு அடியிலேயே கடத்திவிடக் கால்வாய் அமைக்க வேண்டியதாயிற்று. வெள்ளம் போதாதென்று நெருப்பும் வந்தது. 1908 அக்டோபரில் பிரதான வீதியின் பெரும்பகுதி எரிந்தது. இன்று ஓட்டக்காரர்கள் கடந்துபோகும் செங்கல் கட்டடங்களில் பல அதன்பின் எழுந்தவை. 1914இல் கட்டப்பட்ட உயர்நிலைப் பள்ளி இந்த ஊரின் நில அமைப்பை ஒரே கட்டடத்தில் காட்டுகிறது. நான்கு தளங்கள், நான்குக்கும் தரைமட்டத்திலேயே வாசல். மலை அவ்வளவு சரிவு.

பழைய பிஸ்பியிலிருந்து லோவெல் குடியிருப்பு வழியாக வாரனுக்குத் தெற்கே இறங்கும் வழி, ஊரின் ஓட்டப் பாதைகளில் ஏற்றம் குறைந்தது. அதன் நினைவோ மிகக் கனமானது. 1917 ஜூன் இறுதியில், உலகப் போரால் செம்பின் விலை உச்சத்தில் இருந்தபோது, பாதுகாப்பும் நியாயமான கூலியும் கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முன்னின்று நடத்தியது உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம். ஜூலை 12 அதிகாலையில், மாவட்டக் காவல் தலைவர் ஹாரி வீலர் கூட்டிய ஏறக்குறைய 2,000 ஆயுதம் தாங்கிய ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து வேலைநிறுத்தக்காரர்களையும் அவர்களுக்கு ஆதரவானவர்கள் எனக் கருதியவர்களையும் பிடித்தார்கள். அஞ்சலகத்தின் முன் அவர்களைத் திரட்டி, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடத்தி, வாரன் பேஸ்பால் மைதானத்தில் அடைத்தார்கள். வேலைக்குத் திரும்ப ஒப்புக்கொண்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மறுத்த ஏறக்குறைய 1,200 பேரைச் சுரங்க நிறுவனத்துக்கு வேண்டிய ரயில் நிறுவனத்தின் மாட்டுப் பெட்டிகளில் ஏற்றி, சுட்டெரிக்கும் ஜூலை வெயிலில் நியூ மெக்சிகோவின் பாலைவனத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதிபர் வில்சன் அமைத்த ஆணையம் இது சட்டத்துக்குப் புறம்பானது என்றது. தண்டனை பெற்றவர் எவருமில்லை. ஊரைவிட்டுக் கடத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவேயில்லை. 1909இல் கட்டப்பட்ட அந்த மைதானம் இன்றும் ஆட்டங்களுக்குப் பயன்படுகிறது. அதற்குப் பக்கத்தில் நீளவாக்கில் கிடக்கும் விஸ்டா பூங்கா, சமதளத்தில் ஓட விரும்புவோருக்கு ஊரில் கிடைக்கும் சில இடங்களில் ஒன்று.

வடமேற்கே, மியூல் கணவாயை நோக்கி ஏறும் பழைய டிவைட் சாலையும் பிறர் உழைப்பில் விளைந்ததே. 1913-14இல் சிறைக் கைதிகளைக் கொண்டு அது அமைக்கப்பட்டது. உச்சியில் நிற்கும் தூண் அதைச் சொல்கிறது. கண்டத்தின் நீர்ப்பிரிவு அங்கே இருப்பதாகவும் அந்தத் தூண் கூறுகிறது; அது பிழை, உண்மையான பிரிவு கிழக்கே நியூ மெக்சிகோவில் இருக்கிறது. 1958இல் கணவாய்க்கு அடியில் சுரங்கச்சாலை திறந்தபின் வாகனங்கள் அதன் வழியே போய்விட, பழைய சாலை ஏறக்குறைய ஓட்டக்காரர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரியதாகிவிட்டது. உச்சியிலிருந்து ஜூனிப்பர் ஃபிளாட்ஸுக்குப் பிரியும் மண்சாலை 2,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோகிறது. கருவாலியும் ஜூனிப்பரும் மீண்டும் முளைத்திருக்கும் அந்த உயரத்தில், ஒரு பக்கம் பிஸ்பியின் கூரைகளும் மறுபக்கம் மெக்சிகோவின் மலைகளும் தெரிகின்றன. நீண்ட ஏற்றத்தில் பயிற்சி செய்ய விரும்புவோர் விரும்பித் தேர்வது இதைத்தான்.

ஊருக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது 1930களின் பெருமந்தம் என்றால் வியப்பாக இருக்கும். செம்பு விலை வீழ்ந்து வேலையிழந்தவர்கள் பெருகிய அந்த ஆண்டுகளில், ரூஸ்வெல்ட் அரசின் வேலைவாய்ப்புத் திட்டங்களின்கீழ் மரப்படிகளும் கழுதைத் தடங்களும் கான்கிரீட் படிக்கட்டுகளாக மாறின. அணைசுவர்களும் வெள்ள வடிகால்களும் எழுந்தன. படிகளின் உயரம் ஒரே சீராக இல்லை. மலை போன போக்கில் கட்டியதால் ஒன்று குட்டை, அடுத்தது நெட்டை. ஓரிடத்தில் வீட்டு வாசலை ஒட்டி, இன்னோரிடத்தில் இரு சுவர்களின் இடுக்கில். ஓட்டக்காரரின் கால் பழகிய தாளத்தில் ஒருபோதும் விழ முடியாது. தொடையைவிட கவனத்தை அதிகம் களைப்பாக்கும் ஏற்றம் இது. இன்றும் பழைய பிஸ்பியில் தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. கடிதம் வாங்க அஞ்சலகத்துக்கு இறங்கித்தான் வர வேண்டும்.

போருக்குப்பின் சுரங்கம் நிலத்தடியிலிருந்து மேலே வந்தது. 1950களின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கிய லாவண்டர் திறந்தவெளிச் சுரங்கம் 1974 வரை தோண்டப்பட்டது. ஆழம் 250 மீட்டருக்கு மேல். அதைத் திட்டமிட்ட மேலாளர் ஹாரிசன் லாவண்டரின் பெயர் அதற்கு. ஜிகர்வில், ஜான்சன் அடிஷன் ஆகிய குடியிருப்புகளும் லோவெலின் பெரும்பகுதியும் அந்தப் பள்ளத்தில் போயின. நெடுஞ்சாலையே பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வளைகிறது. வாரனுக்கு ஓடுபவர்களும் அப்படியே. 1975இல் நிலத்தடி வேலையும் நின்றது. வேலை தேடிக் குடும்பங்கள் வெளியேற, அற்பமான விலைக்கு வந்த சரிவு வீடுகளை ஓவியர்களும் இளைஞர்களும் வாங்கினார்கள். 1976இல் முன்னாள் தொழிலாளர்களே வழிகாட்டிகளாக காப்பர் குவீன் சுரங்கம் பார்வையாளர்களுக்குத் திறந்தது. 2020 கணக்கெடுப்பின்போது ஊரில் இருந்தவர்கள் 4,923 பேர். 1910இல் 9,000 பேர் இருந்தார்கள்.

ஆள் குறைந்த ஊரில் படிக்கட்டுகளைப் பராமரிக்கப் பணமில்லை. கான்கிரீட் விரிசல் விட்டு, கைப்பிடிகள் துருவேறின. 1991இல் தொடங்கிய 'பிஸ்பி 1000' படியேற்ற ஓட்டத்தின் முக்கிய நோக்கம் இந்தப் படிகளைக் காப்பது. அக்டோபரில், கோடைமழை ஓய்ந்து வெயில் தணிந்த பருவத்தில் அது நடக்கிறது. ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வழி, ஒன்பது படிக்கட்டுகள், படிகள் ஆயிரத்துக்கும் மேல். படிக்கட்டுகளுக்கு இடையிலான பகுதி, வீட்டு முன்முற்றங்களையும் ஒடுங்கிய சந்துகளையும் ஒட்டிய சாய்தெருக்கள். படிகளின் ஓரத்தில் இசைக் கலைஞர்கள் நின்று வாசிக்கிறார்கள். பனிக்கட்டி சுமந்து ஏறும் தனிப் போட்டியும் உண்டு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் வீடு வீடாகப் பனிக்கட்டி சுமந்து ஏறியவர்களின் நினைவாக, பழைய இரும்பு இடுக்கியில் நாலரைக் கிலோ கட்டியைப் பிடித்தபடி 155 படிகளை ஓடி ஏற வேண்டும். கழுதைகளும் மனிதர்களும் செய்த சுமைப்பணிக்குச் செலுத்தப்படும் மரியாதைகளில் இது உண்மையானது. அந்த உழைப்பைச் சிறிது நேரமாவது உடலால் அறியச் செய்கிறது.

போட்டி இல்லாத நாட்களில் அதே படிகள் எவருக்கும் திறந்திருக்கின்றன. வெளியிலிருந்து வருபவர் முதல் நாளே ஆயிரம் படி ஏற முயலாமல், உயரத்துக்கு உடல் பழக விடுவது நல்லது. கோடையில் பிற்பகல் இடிமழைக்கு முன் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். வறண்ட ஓடையில் நிமிடங்களில் நீர் பெருகும். மலையின் எல்லாப் பக்கமும் ஓட முடியாது. ஃபெல்ப்ஸ் டாட்ஜை 2007இல் வாங்கிய ஃப்ரீபோர்ட்-மக்மோரான் நிறுவனம் சுரங்கப் பள்ளங்களையும் கழிவுமண் மேடுகளையும் இன்னும் தன் வசம் வைத்திருக்கிறது. வேலியிட்ட அந்த நிலத்தைச் சுற்றித்தான் ஊரின் தெற்குப் பாதைகள் செல்கின்றன.