பழைய துப்பாக்கி நல்ல முதலீடா? ஏல விலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

60 லட்சம் டாலர். 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸில் நடத்திய ஏலத்தில் ஒரே ஒரு கோல்ட் ரிவால்வருக்குக் கிடைத்த விலை இது. எதிர்பார்த்ததோ 20 முதல் 30 லட்சம் டாலர்தான். இப்படியொரு செய்தியைப் படித்ததும், 'தங்கம், மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி இதுவும் ஒரு முதலீடா?' என்று உங்களுக்குத் தோன்றலாம். சுருக்கமான பதில்: மிகச் சில துப்பாக்கிகளுக்கு மட்டும் ஆமாம். அதுவும் அமெரிக்கா போன்ற சந்தைகளில்தான்.

அந்த ரிவால்வரில் என்ன விசேஷம்?

1881-இல் ஷெரிஃப் பேட் காரெட், 'பில்லி தி கிட்' என்ற குற்றவாளியைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கி அது. அதே மாடலில், அதே காலத்தில் தயாரான சாதாரணத் துப்பாக்கிகள் சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கும். மீதி விலை முழுக்க அந்தக் கதைக்கும், அதை நிரூபிக்கும் ஆவணங்களுக்கும்தான்.

விலையை எது ஏற்றுகிறது?

*அரிதாக இருப்பது:* வின்செஸ்டர் நிறுவனம் செலவைக் குறைக்க 1964-இல் தயாரிப்பு முறையை மாற்றியது. அதற்கு முந்தைய 'மாடல் 70' ரைஃபிள்களுக்கு இன்றும் தனி மவுசு. அதே நிறுவனம் 1966-இல் நூற்றாண்டு நினைவுப் பதிப்பு என ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரித்தது. 'சேகரிப்புக்காகவே' விற்ற பொருள், ஆனால் எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தால் அது எப்படி அரிதாகும்?

*அசல் நிலை:* பழைய துப்பாக்கியைப் பளபளவென்று மெருகேற்றினால் விலை கூடாது, சரியும்.

*சட்டம்:* பொதுமக்களுக்காகப் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவு செய்வதை அமெரிக்கா 1986 மே மாதத்தோடு நிறுத்தியது. அதற்கு முன் பதிவானவை மட்டுமே கைமாற முடியும் என்பதால், அவற்றின் விலை இன்று பல்லாயிரம் டாலர். அந்தச் சட்டம் மாறினால் இந்த விலையும் மாறும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

2003 கடைசியில் 10,000 டாலருக்கு ஒரு துப்பாக்கி வாங்கி, 2023 கடைசியில் இரண்டு மடங்கு விலைக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஏல நிறுவனம் 15% கமிஷன் எடுத்தால் கையில் வருவது 17,000. அதாவது ஆண்டுக்கு சுமார் 2.7%. இதே 20 ஆண்டுகளில் அமெரிக்க விலைவாசி மட்டுமே சுமார் 66% உயர்ந்தது. ஆக, உங்கள் பணம் வளரவில்லை, தேயாமல் இருந்தது, அவ்வளவுதான். எஸ் அண்ட் பி 500 குறியீடோ டிவிடெண்டைச் சேர்க்காமலேயே நான்கு மடங்கைத் தாண்டியது. காப்பீடு, பராமரிப்புச் செலவு தனி. அங்கே நீண்டகால லாபத்துக்கான அதிகபட்ச வரியும் பங்குகளுக்கு 20%, சேகரிப்புப் பொருட்களுக்கு 28%.

இந்தியாவில்?

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் உள்ள ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். முன்பு மூன்று. 1980-களின் நடுவில் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இங்கே லட்சங்களில் விலை பேசுகிறார்கள். ஆனால் வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும், அவருக்கும் அதே இரண்டு என்ற வரம்பு. விலை இருக்கிறது, ஆனால் நினைத்த நேரத்தில் விற்க ஆள் கிடைக்காது.

பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிகளுக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதை லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமே என்கிறீர்களா? 100 ஆண்டுகள் கடந்த தொல்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

வீட்டில் தாத்தாவின் துப்பாக்கி இருந்தால்?

முதலில் விலையை விசாரிக்காதீர்கள், உரிமத்தைப் பாருங்கள். உரிமம் அவருடைய பெயரில் இருந்தது, அவர் இப்போது இல்லை என்றால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசாக உங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். உரிமம் இல்லாமல் பீரோவில் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. நினைவுப் பொருளாகப் பாதுகாக்க நினைத்தாலும் இதே விதிகள்தான்.