பூச்சும் குழியும்: எஞ்சியவற்றின் வரலாறு

கழக்கூட்டத்துக்கு அருகே, கடலோரத்தில் இருக்கிறது தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டிலிருந்தே இந்திய விண்வெளி வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அன்று முதல் அவ்வரலாறு பெரும்பாலும் ஏவுதல்களின் பட்டியலாகவே எழுதப்பட்டு வருகிறது. ஏவியபின் மேலே எஞ்சியவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. உலோகத்தின் மீதுள்ள பூச்சில் அதை வாசிக்க முடியும் என்பதே இப்பதிவின் வாதம்.

தமிழ் வழக்கில் ‘பூச்சு’ என்பதற்கு மதிப்புக் குறைவு. பூசி மெழுகுதல் என்றால் குற்றத்தை மறைத்தல். மேற்பூச்சு என்றால் ஆழமற்றது. செயற்கைக்கோளிலோ நிலைமை நேர்மாறானது. காற்றில்லாத வெளியில் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். வெயிலைத் திருப்பியனுப்பி, உள்வெப்பத்தை வெளியேற்றும் வெண்பூச்சு பழுதானால் கருவிகளும் பழுதாகும்.

1983 ஜூனில் சேலஞ்சர் விண்ணோடத்தின் சன்னல் கண்ணாடியில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள குழி விழுந்தது. குழியில் எஞ்சியிருந்த பொருளை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 0.2 மி.மீ. அளவுள்ள வண்ணப்பூச்சுத் துணுக்கே காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். காக்க வேண்டிய பூச்சு, உரிந்தபின் எறிபொருளாகிவிட்டது.

இதற்கு விரிவான சான்று அடுத்த பத்தாண்டில் கிடைத்தது. பொருள்கள் விண்வெளியில் எவ்வாறு சிதைகின்றன என்று அறிய, 1984 ஏப்ரலில் நாசா ‘எல்டெஃப்’ என்னும் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. 1990 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் அதை மீட்டு வந்தபோது, வெறுங்கண்ணுக்குத் தெரியும் மோதல் தடங்களே 30,000க்கும் மேல் இருந்தன. பல குழிகளைச் சுற்றிப் பூச்சு வளையமாகப் பெயர்ந்திருந்தது.

காரணம் வேகம். துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1 கி.மீ. செல்லும், சுற்றுப்பாதை மோதல்களின் சராசரி வேகம் சுமார் 10 கி.மீ. அவ்வேகத்தில் துணுக்கு துளைப்பதோடு நில்லாமல் உருகி, ஆவியாகி, அதிர்வலையை எழுப்புகிறது. பூச்சும் உலோகமும் அவ்வலையை வேறுவேறு விதமாகக் கடத்துவதால், இரண்டும் ஒட்டியிருக்கும் எல்லையில் பிடிப்பு அறுபடுகிறது. ஆகவே பூச்சு இழக்கும் பரப்பு குழியைவிடப் பெரிது. பலபடிப் பொருளாலான படலத்தில் துளை விழுந்தாலோ, அதன்வழி நுழையும் அணுநிலை ஆக்சிஜன் அடிப்பகுதியையும் அரிக்கிறது. பெயர்ந்த செதில்கள் அடுத்த மோதலுக்குத் துணுக்குகளாகின்றன.

இவ்வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கும் பங்குண்டு. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய பிஎஸ்எல்வி-சி3, 2001 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்டது. செயற்கைக்கோள்கள் உரிய பாதையில் சேர்ந்தன. ஏவுதல்களின் பட்டியலில் அது வெற்றி. எஞ்சிச் சுற்றிக்கொண்டிருந்த நான்காம் கட்டமோ அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று வெடித்து, கண்காணிக்கத்தக்க துண்டுகளாகவே 300க்கும் மேல் சிதறியது. அதன்பின், பணி முடிந்த கட்டத்தில் மீந்த எரிபொருளை வெளியேற்றிச் செயலிழக்கச் செய்யும் முறையை இஸ்ரோ கைக்கொண்டது. 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி58இன் நான்காம் கட்டம், 650 கி.மீ. உயரத்திலிருந்து 350 கி.மீ.க்குத் தாழ்த்தப்பட்டு, ஆய்வுக்கருவிகளைச் சுமந்து பணியாற்றியபின், மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது.

‘விண்வெளிக் குப்பை’ என்ற சொல்லாட்சி இங்கே நம்மை ஏமாற்றுகிறது. குப்பை என்றால் ஓரிடத்தில் கிடப்பது, கூட்டினால் ஒதுங்குவது. நாம் பேசும் பொருளோ கிடப்பதில்லை. அதில் மிகச் சிறியதை எந்த ரேடாரும் காண்பதில்லை. பூச்சில் விழும் குழியே அதற்குரிய பதிவு. ஏவுதல்களை ஆண்டுவாரியாக எழுதும் நம் வரலாறு, 2001 அக்டோபர் 22க்குப் பக்கத்திலேயே டிசம்பர் 19ஐயும் எழுத வேண்டும்.