அரசரின் பிரதிநிதியும் ஆட்டு மந்தையும்



ஸ்காட்லாந்திலே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 'லார்டு லெப்டினண்ட்' என்று ஒருவர் உண்டு. இன்று அவருக்குச் சம்பளம் கிடையாது, பெரிய அதிகாரமும் கிடையாது. அரசரின் சார்பில் பதக்கம் அணிவிப்பார். அரச குடும்பத்தார் வந்தால் வரவேற்பார். 75 வயதில் ஓய்வு. அவ்வளவுதான்!

ஆனால் 1794-ல், பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்துவிடுவானோ என்ற பயத்தில் இப்பதவியை அந்நாடு முழுவதும் ஏற்படுத்தியபோது, அது வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. உள்ளூர்ப் பட்டாளம் திரட்டுவது அவர் பொறுப்பு. ஜே.பி.யாக யாரைப் போடலாம் என்று சிபாரிசு செய்பவரும் அவரே.

இந்த அதிகாரமும் நிலமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நடக்கும்? வடகோடியிலுள்ள சதர்லாந்தைப் பாருங்கள். அங்கே முதலில் பதவியேற்றவர் ஓர் ஆங்கிலேயப் பிரபு. அவருடைய மனைவி எலிசபெத் சீமாட்டிதான் அந்தக் கவுண்டியில் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரி. பின்னாளில், 1833-ல், அவருக்கு 'சதர்லாந்து டியூக்' பட்டம் கிடைத்தது. மகன், பேரன் என்று ஐந்து தலைமுறை டியூக்குகள், 1940-கள் வரை, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்!

ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை வந்த காலம் அது. பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கடற்கரைக்கு விரட்டிவிட்டு, அந்த நிலத்தைச் செம்மறி ஆட்டுப் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 1814-ல் ஸ்ட்ராத்நேவரில் வீடுகளுக்குத் தீ வைத்ததாக பேட்ரிக் செல்லர் என்ற காரியஸ்தர்மேல் வழக்கு வந்தது. நம் தோட்டத்து மானேஜர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1816-ல் இன்வர்னெஸ் கோர்ட்டில் விசாரணை. ஜூரிகளில் நிலமுடையவர்களே அதிகம், ஆள் விடுதலை. கேட்க வேறு நாதி ஏது?

1799-ல் இதே கவுண்டி ஒரு முழு ரெஜிமெண்டுக்கே பிள்ளைகளைக் கொடுத்திருந்தது. 1854-ல் கிரிமியா யுத்தம் வந்தது. இரண்டாவது டியூக், லார்டு லெப்டினண்ட் என்ற முறையில், ஆள் கேட்டு வந்தாராம். யாரும் அசையவில்லை. "ஆட்டைத்தானே வளர்த்தீங்க, அதையே சண்டைக்கு அனுப்புங்க" என்ற கருத்தில் ஒரு கிழவர் பதில் சொன்னதாக அந்த ஊரில் இன்றும் கதை உண்டு.

1871-ல் பட்டாளப் பொறுப்பும் அந்தப் பதவியை விட்டுப் போய்விட்டது.

முதல் டியூக்குக்கு 1837-ல் எழுப்பிய பிரம்மாண்டமான சிலை கோல்ஸ்பி ஊருக்கு மேலே மலையுச்சியில் இன்னும் நிற்கிறது. அதை இடிக்க வேண்டுமென்று கேட்டவர்களும் உண்டு. வடக்கே ஹெல்ம்ஸ்டேல் ஊரில் 2007-ல் வேறொரு சிலை திறந்தார்கள். அதில் ஒரு தகப்பன், கைக்குழந்தையோடு ஒரு தாய், பக்கத்தில் ஒரு சிறுவன். விரட்டப்பட்ட குடும்பம்.