கடனின் அளவும் கடனின் உறவும்: பெருமந்தக் காலப் பினாங்கு

பொருளாதார நெருக்கடியில் நிறுவனங்கள் தம் கடனை எவ்வாறு குறைத்துக்கொள்கின்றன என்னும் வினாவுக்கு நம் வட்டார வரலாற்றிலேயே விடையுண்டு. 1930களின் பெருமந்தத்தை நாம் சான்றாகக் கொள்வோம்.

கரும்பு விளைந்த சுங்கை பாக்காப் வட்டாரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு மாறியது. சிங்கப்பூர்ச் சந்தையில் 1929இல் இறாத்தல் ஏறத்தாழ 34 காசு விற்ற ரப்பர், 1932இல் 7 காசளவுக்கு வீழ்ந்தது. ஆங்கிலேயத் தோட்டக் கும்பெனிகள் பெரும்பாலும் பங்கு முதலால் நடந்தவை. இலாபமற்ற ஆண்டில் பங்காதாயத்தை நிறுத்த அவற்றால் இயன்றது. கூலிக் குறைப்பும் ஆட்குறைப்பும் தொழிலாளர்மேல் விழுந்தன. பல்லாயிரம் தமிழர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் கடன்பட்டிருந்த சிறுதோட்டக்காரருக்கோ, விலை வீழ்ந்தாலும் வட்டி நிற்கவில்லை.

பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் நடந்த நகரத்தார் கடைகளும் கடன்பட்டவையே. அவற்றின் பணம் மூவகைப்பட்டது: உரிமையாளரின் முதல்பணம், உறவினர் இட்டுவைத்த மேல்பணம், ஐரோப்பிய வங்கிகளின் கடன். மந்தம் வந்ததும் வங்கிகள் கையை இறுக்கின. உறவினர் பணமோ பொறுத்திருந்தது. நகரத்தார் கூடி முடிவுசெய்யும் நடப்பு வட்டியை ஒட்டி அதன் வட்டியும் இறங்கக்கூடியது. ஆகவே, ஒரு கடை தாங்குமா என்பதைக் கடனின் அளவு மட்டும் தீர்மானிக்கவில்லை. அது யாரிடம் பட்ட கடன் என்பதும் தீர்மானித்தது.

மறுபுறம், கொடுத்த கடனுக்கு ஈடாகப் பணம் வராமல் நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு, 1938இல் 25. மலாயாவிலும் இவ்வச்சம் எழுந்தது. கூட்டு மலாய் மாநிலங்கள் 1931இல், கடனுக்காகச் சிறுநிலங்கள் விற்கப்படுவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றின. நிபோங் திபாலுக்கு அப்பால், பேராக்கில் செல்லுபடியான அச்சட்டம், நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்த சுங்கை பாக்காப்பைக் கட்டுப்படுத்தவில்லை.

பேரேட்டில் நிலம் சொத்துதான். வாங்குவாரற்ற காலத்தில் அது வங்கிக் கடனை அடைக்காது. தமக்கென ஒரு வங்கி வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்ற சூழல் அது. 1937இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். பின்னர் அது பினாங்கிலும் கிளை கண்டது.

1998இல், ஆசிய நெருக்கடியின்போது, மலேசிய அரசு டானாஹர்த்தாவை அமைத்து வங்கிகளின் வாராக்கடனை வாங்கிக்கொண்டது. பெருமந்தக் காலத்தில் இடைநின்று தாங்க அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. வங்கி கடையை நெருக்க, கடை தோட்டக்காரரை நெருக்க, சுமை கைமாறிக் கைமாறிச் சிறுதோட்டக்காரரின் நிலத்திலும் தொழிலாளியின் கூலியிலும் வந்து நின்றது. ஒரு நிறுவனத்தின் கடன் குறைந்தது என்று படிக்கும்போது, அது யார் தோளுக்கு மாறியது என்றும் நாம் கேட்டல் வேண்டும்.